ஆள் ஏன் நிற்பதில்லை?
(மதுரையில் ஓட்டல் உரிமையாளர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மதிய வியாபாரத்தை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காலையிலிருந்து பேசிய அத்தனை பேரும் ஒரே குறையைத்தான் சொன்னீர்கள். ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நிற்கவில்லை. உண்மைதான். பரோட்டா மாஸ்டர் ஒருவர் சொல்லாமல் கிளம்பிவிட்டால் அன்று ராத்திரி வியாபாரமே படுத்துவிடும். நான் தொழிலாளர் சட்ட ஆலோசகன். ஆள் போன பிறகு லேபர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்ததும்தான் முதலாளிகள் என்னைத் தேடி வருவார்கள். அந்த நோட்டீஸ்களைப் படித்துப் படித்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பெரும்பாலான தகராறுகளுக்கு அடியில் கிடப்பது, எழுதப்படாத கணக்கு. தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று வேலைக்காரருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

அட்வான்ஸ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் அட்வான்ஸ் கொடுக்காமல் நல்ல மாஸ்டர் வரமாட்டார். தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று கேட்பார், கொடுக்கிறோம். அதில் தப்பில்லை. எவ்வளவு கொடுத்தோம், மாதம் எவ்வளவு பிடிப்போம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டால் அது சட்டத்துக்கு உட்பட்ட கடன். ஆனால் நடப்பது என்ன? கல்லாவில் கிடக்கும் ஒரு நோட்டில் பேரும் தொகையும் மட்டும் இருக்கும். மாதாமாதம் பிடித்தது எழுதப்பட்டிருக்காது. ஒரு வருஷம் கழித்து அவர் ஊருக்குப் போகிறேன் என்றால், "பாக்கியைக் கட்டிவிட்டுப் போ" என்று ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வோம். அந்த நிமிஷமே விஷயம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் பக்கம் போய்விடுகிறது. 1976-ல் வந்த சட்டம் அது, சிறைத்தண்டனை உள்ள சட்டம். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டும் எழுதப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் நிறுத்தினால், இடம் ஏசி ரெஸ்டாரண்டாக இருந்தாலும் அது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெல்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அதுவே அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய வேலை என்றது. வேலை செய்பவரே சம்மதித்திருந்தாலும் வறுமைதான் அந்தச் சம்மதத்தை வாங்கியது என்பது நீதிமன்றத்தின் பார்வை. "அவனே ஒத்துக்கொண்டுதான் சேர்ந்தான் சார்" என்று என்னிடம் சொல்லும் முதலாளிகள் இதை மனதில் வையுங்கள். ஓட்டல் தொழிலுக்கென்று நம் மாநில அரசு குறைந்தபட்ச ஊதியம் அறிவித்திருக்கிறது. அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். அந்த ஒரு தாளையாவது அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக் டியூட்டி. காலை 6 மணிக்கு வந்து 11 மணி வரை. மறுபடி மாலை 4 மணிக்கு வந்து ராத்திரி 11 மணி வரை. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. தமிழ்நாட்டில் ஓட்டல்களுக்கென்றே 1958-ல் போட்ட உணவு நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். அப்படியானால் இந்தச் சப்ளையருக்குத் தினமும் 3 மணி நேர ஓ.டி. பாக்கி நிற்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றும் கிடையாது, ஓ.டி.க்கும் உச்சவரம்பு உண்டு. நடுவில் உள்ள ஐந்து மணி நேரத்தில் அவர் எங்கே போவார்? ஊர்க்காரர் என்றால் வீட்டுக்குப் போவார். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பையன் மாடி ரூமில் படுத்திருப்பான், "தம்பி, பார்சல் அதிகமா இருக்கு, கொஞ்சம் வா" என்று கூப்பிடுவோம். அதுவும் வேலை நேரம்தான். வருகைப் பதிவேட்டில் ஏறாத வேலை நேரம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஊதியத் தொகுப்பை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். சம்பளம் குறைவாகக் கொடுத்தார்கள், பிடித்தம் செய்தார்கள் என்று ஒருவர் மனுப் போட்டால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மூன்று வருஷம் வரை மனுப் போடலாம். பதிவேடு இல்லாதவர் அங்கே எதைக் காட்டுவார்? மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலையை விட்டு நீங்கள் நிறுத்தினாலும், அவரே விலகினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கு முடிய வேண்டும். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ" என்பது இனி செல்லாது.

டம்ளர் உடைந்தது, தட்டு காணோம் என்று எல்லார் சம்பளத்திலும் நூறு இருநூறு பிடிப்பது பல கடைகளில் வழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவாலேயே சேதமாகியிருந்தால், அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்க முடியும். மொத்தமாக எல்லார் தலையிலும் போட வழியே இல்லை. மதியக் கூட்டத்தில் ஓடி ஓடிப் பரிமாறுகிறவர் கையிலிருந்து ஒரு தட்டு விழுவது வியாபாரச் செலவு. அப்படித்தான் அதை எழுத வேண்டும்.

அடுப்படிக்கு வருகிறேன். கொதிக்கிற எண்ணெய் கையில் தெறிக்காத மாஸ்டர் உண்டா? பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டாயம், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. பதிவு செய்திருந்தால் தீக்காயத்துக்கு வைத்தியமும், படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் அங்கிருந்து வரும். பதினைந்து பேரை வைத்துக்கொண்டு எட்டுப் பேரைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டாத ஏழு பேரில் ஒருவருக்கு விபத்து நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கிராஜுவிட்டியை, அதாவது பல வருஷம் உழைத்தவர் விலகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடையைப் பற்றி யாருமே கேட்பதில்லை. சட்டப்படி கணக்கில் வரும் கடைசிச் சம்பளம் 15,600, பத்து வருஷம் வேலை என்று வையுங்கள். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,000. பத்து வருஷத்துக்கு 90,000. மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தவருக்கு இது பாரமே இல்லை. ஒதுக்காதவர்தான் பழைய ஆளைக் கோபப்படுத்தித் துரத்தப் பார்க்கிறார்.

பதினான்கு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட டேபிள் துடைக்கக் கூடாது. 2006 அக்டோபரிலேயே ஓட்டல், தாபா, டீக்கடைகளில் தடை வந்துவிட்டது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் அக்காக்களுக்கு அப்படி ஒரு குழு இருப்பது தெரியுமா என்று இன்று சாயங்காலமே கேட்டுப் பாருங்கள்.

வடக்கிலிருந்து வந்த பையன்கள் சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குக் கிளம்பும்போது, பாக்கிச் சம்பளத்தை வங்கியில் போட்டு, அட்வான்ஸ் கணக்கைக் கையில் கொடுத்து அனுப்பும் ஓட்டல்கள் இந்த ஊரிலேயே உண்டு. அங்கே பையன்கள் திரும்பி வருகிறார்கள், வரும்போது சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கையில் நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் கடையில் இருந்தால், பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.