ரோமன் ஹாலிடே 4கே வந்தாச்சு! பார்ப்பதற்கு முன்னால் டிவியில் இதை ஆஃப் பண்ணுங்கள்

வணக்கம் மக்களே. இதோ பாருங்கள், கையில் இருக்கிறது. ரோமன் ஹாலிடே படத்தின் 4கே டிஸ்க், அதாவது மிக நுணுக்கமான தெளிவுள்ள டிஸ்க். 2023இல் படத்தின் 70ஆம் ஆண்டுக்காக பாரமவுண்ட் வெளியிட்டது. எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வாங்கிவிட்டேன், பார்த்துவிட்டேன், நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் முதலில் அந்தப் பார்சல் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். டிஸ்க் விலை, ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 4,700 ரூபாய். அதில் ஷிப்பிங் மட்டும் 1,350. இவ்வளவு கொடுத்தும் வெறும் காகித உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! ஒரு பபிள் ராப் கிடையாது, அட்டை கிடையாது. கேஸின் மூலை நொறுங்கி, நடுவில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பற்கள் உடைந்து, உள்ளே டிஸ்க் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது. கையில் வாங்கியதும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வீடியோ எடுக்காமல் நான் எந்தப் பெட்டியையும் பிரிக்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். விற்றவர்களுக்கு எழுதினேன். வழக்கம்போல, உடைந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். உறையைக் கிழிப்பதிலிருந்து டிஸ்க் ஆடுகிற சத்தம் வரை வெட்டாமல் முழு வீடியோவையும் அனுப்பினேன். மறுநாளே 1,350 ரூபாயும் திரும்ப வந்தது! முழுசாக! நண்பர்களே, தயவுசெய்து வீடியோ எடுத்துக்கொண்டே பார்சலைப் பிரியுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். படம் ஓடிய 118 நிமிடமும் எங்கேயும் சிக்கவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். பார்க்காதவர்களுக்காகக் கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோமுக்கு வருகிற ஓர் இளவரசி, ஆன், விருந்தும் வரவேற்பும் சகிக்காமல் ராத்திரி தன் நாட்டுத் தூதரகத்திலிருந்து தப்பித்து ஓடுகிறாள். ஜோ என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரன் கையில் சிக்குகிறாள். அவள் யார் என்று தெரிந்ததும், தெரியாத மாதிரி ஊர் சுற்றிக் காட்டி, பேட்டியாக எழுதி 5,000 டாலர் சம்பாதிக்கத் திட்டம் போடுகிறான். ஆனாக ஆட்ரி ஹெப்பர்ன், ஜோவாக கிரிகரி பெக். இயக்கம் வில்லியம் வைலர். 1994இல் வந்த "மே மாதம்" என்ற தமிழ்ப் படம் இதன் சாயலில் எடுத்ததுதான்.

இந்தப் படத்தை நாம் எல்லாரும் எப்படிப் பார்த்திருக்கிறோம்? ராத்திரி டிவியில், இல்லையென்றால் யூடியூபில் யாரோ ஏற்றிய மங்கலான பிரதியில். அப்போதே நமக்குப் பிடித்தது. ஆனால் அதில் பாதிதான் தெரிந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

ஆரம்பத்தில் வரவேற்புக் காட்சி இருக்கிறதே. ஒவ்வொரு விருந்தாளியாக வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள், ஆன் நின்றுகொண்டே இருக்கிறாள். கால் வலிக்கிறது. கவுனுக்கு அடியில் ஒரு காலை ஷூவிலிருந்து மெதுவாக உருவி, மற்றக் காலில் தேய்த்துக்கொள்கிறாள். மேலே முகத்தில் அதே புன்னகை, கை குலுக்கல். பிறகு ஷூ சாய்ந்து விழுந்துவிடுகிறது, கால் அதைத் தேடுகிறது, அகப்படவில்லை. உட்கார்ந்ததும் பார்த்தால், எல்லார் கண் முன்னாலும் கவுனுக்கு வெளியே ஷூ தனியாகக் கிடக்கிறது! பழைய பிரதியில் கவுனுக்கு அடியில் வெறும் கறுப்புதான். இதில் அந்த நிழலுக்குள்ளேயும் கால் விரல் துழாவுவது தெரிகிறது. அவள் கண் ஒரு நொடி கீழே போய் மேலே வருகிறது, அதுவும் தெரிகிறது. அப்படியே நிறுத்தித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, இந்தப் பெண் ஏன் ஓடப் போகிறாள் என்று அந்த ஷூவிலேயே புரிந்துவிடுகிறது. 24 வயதுகூட ஆகாத ஒரு நடிகை, முதல் ஹாலிவுட் கதாநாயகி வேடம். அதற்கே ஆஸ்கர் வாங்கிவிட்டார்.

ஆங், உடை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எடித் ஹெட்டுக்கும் இந்தப் படத்தில் உடைக்காக ஆஸ்கர் கிடைத்தது. முன்பெல்லாம் அந்த கவுன் ஒரு வெள்ளைத் திட்டுதான். இப்போது துணியில் இழையோடும் பூவேலை தனித்தனியாகத் தெரிகிறது. ஊர் சுற்றும்போது போடுகிற சாதாரணச் சட்டையைக் கவனியுங்கள். காலையில் கழுத்து வரை பட்டனும் நீளக் கையுமாக இருக்கிறாள். நேரம் போகப் போகக் கையை மடிக்கிறாள், கழுத்தைத் திறந்துவிடுகிறாள், முடியையும் வெட்டிக்கொள்கிறாள். ஒரே உடையை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி இலகுவாகிறாள் என்று காட்டிவிட்டார்கள்.

இனி, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று. இது நம் சேனல் ஆட்களுக்குப் பிடித்த பகுதி. ஒரிஜினல் நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய பிலிம், மோசமாகச் சேதமாகிவிட்டது. நல்லவேளையாக, அந்தக் காலத்தில் நெகட்டிவிலிருந்து பாதுகாப்புக்காக நுண்ணிய மணிகள் கொண்ட பிலிமில் ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து வைப்பார்கள். அதற்கு ஃபைன் கிரெயின் என்று பெயர். அதிலிருந்து எடுக்கிற இரண்டாவது நெகட்டிவ்தான் டூப் நெகட்டிவ். இந்த இரண்டையும் 4கே அளவில் ஸ்கேன் செய்து சுத்தம் செய்தார்கள். 2020இல் ப்ளூ ரே, அதாவது 4கேக்கு முந்தைய வகை டிஸ்க், வந்தது, 2023இல் இந்த டிஸ்க். இரண்டு காட்சிகளுக்கு நடுவே படம் கரைந்து மாறும் இடங்கள் கொஞ்சம் மங்கல்தான். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

கிரெயின், அதாவது பிலிமின் மணி மணியான புள்ளிகள், இருக்கிறது, அதை அழிக்கவில்லை. அதற்காகவே அந்த டெக்னீஷியன்களைக் கும்பிட வேண்டும். கறுப்பு வெள்ளை பிலிமில் படம் என்பதே வெள்ளி மணிகள்தான். அதை "புள்ளி புள்ளியாக இருக்கிறது" என்று துடைத்தால் தோலும் சேர்ந்து போய்விடும், முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். இதில் பெக்கின் கோட்டு நூல்கூடத் தெரிகிறது. கலர் பூசினால் நன்றாக இருக்குமே என்று இந்த வீடியோவுக்கும் யாராவது கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம்! பிளானர், அலெக்கான் என்று இரண்டு பெரிய ஒளிப்பதிவாளர்கள் வெயிலையும் நிழலையும் வைத்து எடுத்தது. அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

அந்த உண்மையின் வாய் காட்சி. சாந்தா மரியா இன் காஸ்மெதின் தேவாலயத்து வாசல் மண்டபத்தில் இருக்கிற கல் முகம். பொய் சொல்கிறவன் கையைக் கடித்துவிடும் என்பார்கள். பெக் கையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்கிறார். அப்படிச் செய்யப் போவதாக ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. அவர் அலறுவது நிஜ அலறல், ஒரே டேக். இந்தத் தெளிவில் அலறலுக்கு அடுத்த நொடியைப் பாருங்கள். பயம் முகத்தை விட்டுப் போவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது, இரண்டும் ஒரே முகத்தில் நிற்கிறது.

இன்னொன்று, டைட்டிலில் நிறுத்திப் பாருங்கள். டால்டன் ட்ரம்போ பெயர் இப்போது இருக்கிறது. கதை அவருடையது. ஆனால் கம்யூனிஸ்ட் என்று சொல்லி ஹாலிவுட் அவரைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்ததால், நண்பர் இயன் மெக்லெலன் ஹண்டர் பெயரில் படம் வந்தது. ஆஸ்கரும் ஹண்டர் பெயருக்கே போனது. ட்ரம்போ 1976இல் இறந்தார். 1993இல்தான் அவர் மனைவி கையில் அந்த ஆஸ்கரைக் கொடுத்தார்கள். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரை எழுத்தாளர் சங்கம் 2011இல்தான் சேர்த்தது. படத்தைச் சுத்தம் செய்வது என்றால் இதுவும்தான் என்பேன். கீறலை அழித்துவிட்டு எழுதியவர் பெயரை மறைத்தே வைத்திருந்தால் என்ன பிரயோஜனம்?

முடிவுக் காட்சியை முழுசாகச் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள். பத்திரிகையாளர் சந்திப்பில் ஆன் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டே வருகிறாள். ஜோ முன்னால் வந்ததும் எல்லாருக்கும் சொன்ன அதே மரியாதை வார்த்தைதான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, விழாமல் நிற்கிறது. பழைய பிரதியில் குரலில் மட்டும் கேட்டதை இப்போது கண்ணில் பார்க்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது டிவிக்கு வருகிறேன், தலைப்பில் சொன்ன விஷயம். மோஷன் ஸ்மூத்திங், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், அதை ஆஃப் பண்ணுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்துக்கு நடுவில் டிவி தானாக ஃபிரேம் செய்து சொருகுகிறது. சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், எனக்குப் பார்க்கவே எரிச்சல். புள்ளிகளைத் துடைக்கிற நாய்ஸ் ரிடக்ஷன், விளிம்புகளைக் கூர்மையாக்குகிற ஷார்ப்னஸ் இரண்டையும் குறைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் போடுங்கள், பெரும்பாலும் எல்லாம் அதிலேயே சரியாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். படத்தின் அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான், கிட்டத்தட்டச் சதுரம். இழுத்து நிரப்பினால் ஆட்ரி ஹெப்பர்ன் குண்டாகிவிடுவார். வீட்டில் யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ண வந்தால் விடாதீர்கள்.

அப்புறம், 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு, அதாவது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க்கை வேறு பகுதி பிளேயரில் ஓடவிடாத தடை, கிடையாது, எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் நம்மூர் 4கே பிளேயரில் ஓடும். சாதாரண ப்ளூ ரே வாங்குகிறவர்கள் மட்டும் ரீஜனைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் டிவியில் அந்த செட்டிங் அகப்படவில்லை என்றால் மாடல் எண்ணை கமெண்டில் போடுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.