காலி நாற்காலிக்கு யார் பணம் தருவது?

வணக்கம் நேயர்களே.

முடி வெட்டவோ கலர் போடவோ நேரம் குறித்துவிட்டுப் போக முடியாமல் போய், மறுநாள் "ரத்துக் கட்டணம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்ததும் கொதித்துப்போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நாற்காலியைத் துடைத்துத் துண்டை எடுத்துவைத்துவிட்டு, வாசலையே பார்த்தபடி நின்ற ஸ்டைலிஸ்டுகளும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இன்றைய பேச்சு.

இந்தச் சண்டைகளில் இரண்டே கேள்விகளை நேர்மையாகக் கேட்டால் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். நேரம் குறிக்கும்போதே கட்டணத்தைச் சொன்னார்களா? அந்த நாற்காலி உண்மையில் எவ்வளவு நேரம் காலியாகக் கிடந்தது? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

முதலில் நாற்காலிக் கணக்கு. மூன்று மணி நேர ஹைலைட்ஸ் வேலை ஒன்று, அதாவது முடியில் சில இழைகளை மட்டும் வெளிறவைப்பது. அதன் கட்டணத்தை நூறு பங்காக வைத்துக்கொள்வோம். ப்ளீச் பவுடர், அதோடு கலந்து அதை வேலை செய்யவைக்கும் டெவலப்பர், ஃபாயில், டோனர், ஷாம்பு எல்லாம் சேர்த்து ஒரு பதினைந்து பங்கு. துண்டு துவைப்பது, வெந்நீர் என்று இன்னும் ஐந்து. வாடிக்கையாளர் வராவிட்டால் இந்த இருபது பங்கும் கடைக்குச் செலவாகவில்லை. ஆக, மிச்சம் எண்பது. அந்த மூன்று மணி நேரத்தில் வேறொருவர் வந்து முடி வெட்டிக்கொண்டு இருபத்தைந்து பங்கு கொடுத்துவிட்டுப் போனார் என்றால், உண்மையான இழப்பு ஐம்பத்தைந்து. இது உதாரணக் கணக்குதான், கடைக்குக் கடை எண்கள் மாறும். ஆனால் கணக்குப் போடும் வழி மாறாது. குறித்த கட்டணத்தில் மிச்சமான பொருளைக் கழியுங்கள், அந்த நேரத்தில் வந்த வேறு வரவையும் கழியுங்கள். மீதி என்னவோ அதுதான் இழப்பு.

"உங்களுக்காகக் கலர் கலந்து வைத்துவிட்டோம்" என்று சில கடைகளில் சொல்வதுண்டு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நிரந்தரக் கலர் க்ரீமை டெவலப்பரோடு கலந்த நொடியிலிருந்தே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும், எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்த ஸ்டைலிஸ்ட், ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகே கலப்பார். வராத ஒருவருக்காகக் கலர் வீணாகியிருக்க வழியில்லை. ஆனால் ஹேர் எக்ஸ்டென்ஷன் விஷயம் வேறு. உங்கள் முடியின் நிறத்துக்கும் நீளத்துக்கும் பொருத்தமாகத் தனியாக ஆர்டர் செய்து வாங்கிய முடியை இன்னொருவருக்கு வைப்பது கடினம். அங்கே பொருளின் விலையைக் கேட்பது நியாயம். அதையும் ஆர்டர் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் முடிவெட்டில் கதை தலைகீழ். அங்கே பொருள் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதனால் இழப்பு கிட்டத்தட்ட முழுக் கட்டணமே. ஆனால் முக்கால் மணி நேர இடைவெளியை, நேரம் குறிக்காமல் வருகிறவரை வைத்து எளிதாக நிரப்பிவிடலாம். மூன்று மணி நேர ஓட்டையை அப்படி நிரப்ப முடியாது. எல்லா வேலைக்கும் ஒரே விதி, ஒரே சதவீதம் என்று எழுதி ஒட்டும் கடைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான வேலைக்கு ஒரு விதி, அதற்கு மேற்பட்டதற்கு இன்னொரு விதி என்று பிரித்தாலே பாதிக் கோபம் அடங்கிவிடும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். முன்பே சொன்னார்களா? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சலூனில் நடந்ததல்ல, ஒரு கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கடைகள் நிறைந்த ஒரு வளாகம். இரண்டு மணி நேரம் காரை இலவசமாக நிறுத்தலாம், மீறினால் 85 பவுண்டு கட்ட வேண்டும், சீக்கிரமாகக் கட்டினால் குறையும். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் கூட முழுசாக ஆகவில்லை. இலவச இடத்தில் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டா, நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் வந்துவிட்டது, இது தண்டனைதானே என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார்.

ஏன் தோற்றார் என்பதுதான் நமக்குத் தேவை. கார்கள் வருவதும் போவதுமாக இருந்தால்தான் அந்த வளாகம் இயங்கும், அதைக் காப்பாற்றுவதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது என்றது நீதிமன்றம். தொகை அந்த அக்கறைக்கு மீறியதாக இல்லை என்றது. வளாகம் முழுக்கப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகைகள் இருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உள்ளே நுழைகிற எவரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இப்போது பலகைக்குப் பதிலாகச் சலூனின் புக்கிங் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டண விதி எங்கே இருக்கிறது? கீழே, கடைசியில், சின்ன எழுத்தில், "விதிமுறைகள்" என்ற சொல்லைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில். அது பலகை ஆகாது. தொலைபேசியில் நேரம் குறித்தவருக்கு அந்தப் பக்கமும் கிடையாது. கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறதே என்பார்கள். வராமல் போனவர் கடைச் சுவரை எப்படிப் பார்த்திருப்பார்? விதியை அவர் நேரம் குறிக்கும் அந்த நிமிடத்தில், அவர் கண்ணிலோ காதிலோ படும்படி சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் அது அறிவிப்பு ஆகாது, பில் ஆகிவிடும்.

அடுத்தது இருபத்துநான்கு மணி நேரம். "24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் கட்டணமில்லை" என்ற வாக்கியம் பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை பிறக்கும் இடமே அதுதான். திங்கள் காலை பத்து மணிக்கு நேரம் குறித்தவர், ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்புகிறார். ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலை கடை திறந்த பிறகுதான் செய்தியைப் பார்க்கிறார்கள். அவர் கணக்கில் 25 மணி நேரம், கடையின் கணக்கில் அரை மணி நேரம். இருவருமே பொய் சொல்லவில்லை. இதற்கு மருந்து ஒன்றுதான். நேரத்தை உறுதி செய்யும் செய்தியிலேயே மணிக்கணக்கை விட்டுவிட்டு நாளையும் கிழமையையும் எழுதுங்கள். "சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் இந்த எண்ணுக்குச் சொன்னால் கட்டணம் இல்லை." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"இந்த எண்ணுக்கு" என்பதும் முக்கியம். புக்கிங் ஒரு செயலியில், ரத்து ஸ்டைலிஸ்டின் சொந்த வாட்ஸ்ஆப்பில், அவரோ அன்று விடுப்பில். இப்படித் தொலைந்துபோன செய்திகள் ஏராளம். வாடிக்கையாளர்களே, நீங்கள் ரத்து செய்யும்போது நாள், நேரம், உங்கள் பெயர் மூன்றையும் எழுதி, "கிடைத்தது என்று பதில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

நினைவூட்டல் செய்தியில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் கவனிப்பதே இல்லை. ரத்து செய்ய 24 மணி நேர விதி, தானாகப் போகும் நினைவூட்டலும் 24 மணி நேரத்துக்கு முன்பு. செய்தியைப் பார்த்து, அடடா மறந்தே போனோமே என்று அவர் ரத்து செய்யும்போது கெடு தாண்டிவிட்டது. நினைவூட்டிய செய்தியே அவரைச் சிக்கவைத்துவிட்டது. நினைவூட்டலைக் கெடுவுக்கு முழுசாக ஒரு நாள் முன்பு வையுங்கள். கெடு 24 மணி என்றால் நினைவூட்டல் 48 மணி, கெடு 48 என்றால் 72. மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான்.

பணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் தகராறு இருக்கிறது. நம் மொழியில் அச்சாரம் என்று ஒன்று, முன்பணம் என்று ஒன்று. இரண்டையும் கலந்து பேசுகிறோம். வாக்கை உறுதிப்படுத்தக் கொடுப்பது அச்சாரம், வாக்கிலிருந்து பின்வாங்கினால் அதை விட்டுவிட வேண்டியதுதான். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவது முன்பணம், வேலை நடக்காவிட்டால் திரும்பக் கேட்பது இயல்பு. கடை அச்சாரம் என்று நினைத்து வாங்குகிறது, வாடிக்கையாளர் முன்பணம் என்று நினைத்துக் கொடுக்கிறார். ரசீதில் "வராவிட்டால் திரும்பத் தரப்படாது, வந்தால் பில்லில் கழிக்கப்படும்" என்று எழுதிவிட்டால் பெயர்ச் சண்டைக்கு இடமில்லை. நேரத்தைத் தள்ளிவைத்தால் அந்த அச்சாரம் எத்தனை முறை கூடவே நகரும் என்பதையும் எழுதுங்கள். ஒரு முறை என்பது நியாயமாகப்படுகிறது. இல்லையென்றால் இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டு, பிறகு சாவகாசமாக ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி திறந்தே கிடக்கும்.

உடல்நலம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டைலிஸ்ட் ஒரு கை தூரத்துக்குள் மணிக்கணக்கில் நிற்கிற வேலை இது. காய்ச்சலோ இருமலோ உள்ளவர் கட்டணத்துக்குப் பயந்து வந்து உட்கார்ந்தால், அடுத்த வாரம் கடைக்கே ஆள் இருக்காது. தொற்று இருந்தால் கட்டணமில்லை என்று விட்டுக்கொடுப்பதே கடைக்கு லாபம். ஆண்டுக்கு ஒரு முறை கேள்வி கேட்காமல் விடுவது என்று வைத்துக்கொண்டால், யாரிடமும் மருத்துவச் சீட்டுக் கேட்டு அவமானப்படுத்தவும் தேவையில்லை.

பேட்ச் டெஸ்டும் இதில் சேரும். நிரந்தரக் கலர்களில் பலவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் இருக்கிறது, சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமை தரும். அதனால் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே சிவந்து அரித்தால் கலர் போடக்கூடாது. அப்போது ரத்தாகும் நேரத்துக்குக் கட்டணம் கேட்பது எந்த வகையிலும் சரியில்லை. ஆனால் டெஸ்டுக்கு வரச் சொல்லி, அது இல்லாமல் கலர் கிடையாது என்றும் சொல்லியிருந்து, வாடிக்கையாளர் டெஸ்டுக்கு வராமல் நேராகக் கலருக்கு வந்து நின்றால், காலியாகப் போன நாற்காலிக்கு அவர்தான் பொறுப்பு. கடை டெஸ்டைப் பற்றிச் சொல்லவே இல்லையா? அப்படியானால் கடைதான் பொறுப்பு. மறுபடியும் அதே கேள்விதான் பாருங்கள், முன்பே சொன்னார்களா?

கடையே ரத்து செய்தால்? இதை வாடிக்கையாளர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்காகக் கொண்டுவந்த நெறிமுறையில், நியாயமற்றதாகக் கருதத்தக்க விதிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பின்வாங்கினால் பணத்தை வைத்துக்கொள்வேன், நான் பின்வாங்கினால் அதற்கு ஈடாக எதுவும் தரமாட்டேன் என்ற விதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மீறியவரிடம் அளவுக்கு மிஞ்சிய தொகை கேட்பதும் இருக்கிறது. சட்டம் எந்த நாட்டில் எப்படி இருந்தாலும், கடையே கடைசி நேரத்தில் ரத்து செய்யும்போது அச்சாரத்தை உடனே திருப்பிக் கொடுத்து, அடுத்த முறைக்கு ஒரு தள்ளுபடியும் தருவதாக விதியிலேயே எழுதிவைத்த கடையிடம் மக்கள் கட்டணத்தைப் பற்றிச் சண்டை போடுவது குறைவு.

ஸ்டைலிஸ்டுகளுக்காக ஒரு வார்த்தை. வாங்கிய ரத்துக் கட்டணம் யாருக்குப் போகிறது? நாற்காலியை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் செய்கிறவருக்கு இழப்பும் அவருடையது, கட்டணமும் அவருடையது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் எப்படியும் வரும். கமிஷனில் வேலை செய்கிறவர் நிலைதான் மோசம். வேலை நடக்காததால் கமிஷன் போயிற்று, கட்டணமோ முதலாளியின் கணக்கில் சேர்கிறது, திட்டு வாங்குவது மட்டும் இவர். அந்தக் கட்டணத்திலும் வழக்கமான கமிஷன் பங்கு உண்டு என்று வேலையில் சேரும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், அதனால் மீதியை வேகமாகச் சொல்கிறேன். கார்டில் பிடித்த தொகையை எதிர்த்து வாடிக்கையாளர் வங்கியில் புகார் கொடுத்தால், கடை காட்ட வேண்டியவை மூன்று. விதியை அவர் ஏற்றுக்கொண்ட பதிவு, அதன் தேதியும் நேரமும், நினைவூட்டல் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. வாடிக்கையாளர் காட்ட வேண்டியது ரத்துச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட். வங்கிக்குப் போகும் முன் கடைக்கு ஒரு முறை எழுத்தில் கேளுங்கள், "அந்த நேரத்தில் வேறு யாருக்காவது வேலை செய்தீர்களா?" என்று. செய்திருந்தால் அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள்.

மணப்பெண் அலங்காரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அந்த ஒரு நாளுக்காக ஸ்டைலிஸ்ட் மாதக்கணக்கில் மற்றவர்களுக்கு இடமில்லை என்று சொல்லியிருப்பார், அதனால் அங்கே 24 மணி நேர விதி பொருந்தாது. மூன்று மாதத்துக்கு முன்பு ரத்தானால் இவ்வளவு, ஒரு மாதத்துக்கு முன்பு இவ்வளவு, ஒரு வாரத்துக்கு முன்பு இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் தொகையை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நாள் தள்ளிப்போனால் என்ன என்பதற்கும் அதே தாளில் ஒரு வரி வேண்டும். திருமணங்கள் ரத்தாவதைவிடத் தேதி மாறுவதே அதிகம். வணக்கம்.