பாஸ்புக்கின் மூன்றாவது கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். என் மேசைக்கு வந்த வழக்குகளில் பாதி பி.எஃப். என்கிற வருங்கால வைப்புநிதி வழக்குதான். அதிலும் ஒன்று மாதம் தவறாமல் வரும்: "ஐயா, என் சம்பளத்தில் 1,800 ரூபாய் பிடிக்கிறீர்கள். கம்பெனியும் அதே அளவு போடவேண்டுமாமே? பாஸ்புக்கில் கம்பெனி பங்கு 550 என்றுதானே இருக்கிறது! மீதியை யார் விழுங்கினார்கள்?"

யாரும் விழுங்கவில்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், அதில் 12 சதவீதமான 1,800 தொழிலாளியின் பங்கு. நிறுவனமும் 1,800 கட்டுகிறது. ஆனால் அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்து போய்விடுகிறது. பாஸ்புக்கின் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள், அங்கே இருக்கும். முதல் இரண்டு கட்டங்களுக்கும் வட்டி ஏறும், மூன்றாவதற்கு ஏறாது. அதனாலேயே அதை ஒருவரும் மதிப்பதில்லை.

அங்கே எண்ணவேண்டியது வருடங்களை. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, உச்சவரம்பு 15,000 என்று வைத்து, பணி வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். பதின்மூன்று வருடம் என்றால் சுமார் 2,785 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 58 வயதுக்குமேல் மாதாமாதம் யார் நமக்கு அதைத் தருகிறார்கள்? பத்து வருடம் நிறைந்தால்தான் அந்த உரிமை.

பேக்கிங் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். பிறந்தது புதுச்சேரியின் பாகூர், வாழ்க்கைப்பட்டது கடலூர்ப் பக்கம். எங்களிடம் வருமுன் இரண்டு கம்பெனிகளில் ஐந்தும் நான்குமாக ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறார். 2011 டிசம்பரில் தானே புயல் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. முதல் கம்பெனியை விட்டதும் கணக்கை முடித்துக் கூரை போட்டார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சேமிப்புக்கான 19ஆம் படிவத்தோடு, ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெறும் 10சி படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதில் வந்தது சொற்பப் பணம், ஓய்வூதியக் கணக்கிலிருந்து போனது ஐந்து வருடம். அந்தப் படிவத்திலேயே பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டிருந்தால் வருடங்கள் தங்கியிருக்கும். எழுதிக்கொடுத்த ஏஜென்ட் அதைச் சொல்வாரா? அவருக்குக் கமிஷன் பணத்தில்தானே.

இரண்டாவது முறை, பாவம், கணக்கை மாற்றத்தான் முயன்றார். பெயர் இடித்தது. பாகூர்ப் பதிவேட்டில் அவருடைய அப்பா குப்புசாமி பிரெஞ்சு முறைப்படி 'சி, ஓ, யு' என்று தொடங்குகிறார். கடலூரில் எடுத்த ஆதாரிலோ 'கே, யு'. கணினிக்கு இருவரும் வேறு வேறு அப்பாக்கள். அலைந்து சலித்து அந்தக் கணக்கையும் முடித்துவிட்டார், மறுபடியும் 10சியோடு. நம் ஊரில் இந்த எழுத்துச் சிக்கல் வீட்டுக்கு வீடு உண்டு. தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியில் இதைத் திருத்தலாம். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். விலகியபின் பழைய முதலாளியின் கையெழுத்துக்கு நடையாய் நடக்கவேண்டி வரலாம். போகிற போக்கில் இன்னொன்று: திருமணத்துக்கு முன் கொடுத்த வாரிசு நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகக் கொடுக்கவேண்டும்.

எங்களிடம் சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 44, கணக்கில் பூஜ்யம். அப்பா பெயரை முதல் மாதமே திருத்தினோம். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "எட்டு முடிந்துவிட்டது ஐயா. இன்னும் இரண்டு. அதுவரை இந்தக் கம்பெனி தாங்குமா?"

"தாங்காவிட்டால் என்ன? அடுத்த கம்பெனியில் புது யு.ஏ.என். எண் வாங்காதீர்கள். இருக்கிற பன்னிரண்டு இலக்க பி.எஃப். எண்ணையே கொடுங்கள்" என்றேன்.

"அது மனப்பாடம் ஐயா" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.