சாமி படத்தில் அழுக்கு உள்ளங்கால்! கரவாஜியோவுக்கு மாடலாக நின்றவர்கள் யார்?

திரையில் தெரிகிற ஓவியத்தை நன்றாகப் பாருங்கள். ரோம் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் 400 வருடமாக இருக்கிற படம். முதலில் உங்கள் கண்ணில் பட்டது எது? பொய் சொல்லாதீர்கள். ஒரு கூலியாளின் பின்புறம். அதற்குக் கீழே, கருத்துப்போன ஓர் உள்ளங்கால். ஜெபம் பண்ண வருகிறவர்களைப் பார்த்து இதை வைத்துவிட்டு, ஓவியர் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வணக்கம் மக்களே. இன்றைக்கு ராயபுரத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் காசிமேடு போகிற மீன் வண்டிகள். எடிட்டிங்கில் எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியர் பெயர் கரவாஜியோ. 1571இல் பிறந்தார், 1610இல் 38 வயதில் இறந்தார், நடுவில் 1606இல் ரோமில் ஓர் ஆளைக் கொன்றுவிட்டு ஊரை விட்டு ஓடினார். பின்னணி அவ்வளவுதான். இவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர்கள் அந்தக் கொலையை விட்டு நகரவே மாட்டார்கள். கத்தி, இரத்தம், இருட்டு, வயலின். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. இவர் தெருவிலிருந்து கூப்பிட்டு வந்து நிற்க வைத்தாரே, அந்த ஆட்கள்மேல்தான் ஆர்வம்.

ராயபுரத்திலிருந்து ஏன் பேசுகிறேன் தெரியுமா? இந்தப் படத்தில் தலைகீழாகக் கிடக்கிற பெரியவர் நம் ஊர்க்காரர். இராயப்பர். பேதுரு என்றால் இன்னும் பலருக்குப் புரியும். ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்ததுதான் என்பார்கள். இங்கே அவர் பெயரில் கோயிலும் இருக்கிறது. வலை போட்டுப் பிழைத்த மனிதர். சிலுவையில் அறைய வந்தபோது, 'என் ஆண்டவரைப் போலவே சாக எனக்குத் தகுதி இல்லை, தலைகீழாக அறையுங்கள்' என்று கேட்டாராம். கரவாஜியோ 1601 வாக்கில் வரைந்தது அதைத்தான்.

படத்தில் தேவதைகள் இல்லை, மேகம் இல்லை, ஒளிவட்டம் இல்லை. ஒரு கிழவர், ஒரு மரம், அதைத் தூக்கி நிறுத்தப் படாத பாடு படுகிற மூன்று ஆட்கள். ஒருவர் கயிற்றை இழுக்கிறார், ஒருவர் கிழவரின் காலோடு சேர்த்து மரத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறார், மூன்றாமவர் அடியில் புகுந்து முதுகைக் கொடுத்திருக்கிறார். நாம் பார்த்த உள்ளங்கால் இந்த மூன்றாமவருடையது. அவர் முகம் நமக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக மூட்டை தூக்குகிறவர். போனில் இந்தப் படத்தைக் காட்டினேன். ரோம், இராயப்பர், எதையும் சொல்லவில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"கீழ குனிஞ்சிருக்கான் பாரு, இவன் மேலதான்பா மொத்த வெயிட்டும். முதுவுல ஒரு துணிகூட மடிச்சு வெக்கல. தோல் உரிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் கழித்து:

"மூணு பேரும் ஒண்ணா தம் கட்டல. ஒருத்தன் முந்திக்கினான். இது ஏறாது. சறுக்குச்சின்னா பெருசு மண்டை காலி."

நான் இந்தப் படத்தைப் பற்றிப் படித்த கட்டுரைகள் எல்லாம் ஒளியைப் பேசின, நிழலைப் பேசின, மூலைவிட்டக் கோடுகளைப் பேசின. மூன்று பேரும் ஒன்றாகத் தம் கட்டவில்லை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. மறுபடி பாருங்கள், வேண்டுமானால் வீடியோவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். படம் பார்க்கும்போது நமக்கு வயிற்றில் ஒரு பயம் வருகிறதே, அது இதனால்தான். கீழே இருப்பவர் கையில் மண் வாருகிற கருவி ஒன்று இருக்கிறது. அதையும் அண்ணன்தான் காட்டினார். "குழி நோண்டின கையோட அப்படியே வந்து குனிஞ்சிட்டான்" என்றார். கால் ஏன் அழுக்கு என்பதற்கும் பதில் வந்துவிட்டது.

அடுத்து அண்ணன் கேட்டது: "எவ்ளோ நேரம் இந்த ஆளை இப்டியே குனிய வெச்சிருந்தாரு?"

அருமையான கேள்வி. முதலில் தாளில் வரைந்து பார்த்து, பிறகு வண்ணம் பூசுவதுதான் அந்தக் காலத்து ஓவியர்கள் வழக்கம். கரவாஜியோ கையால் வரைந்த அப்படி ஒரு தாள்கூட இதுவரை உறுதியாகக் கிடைத்ததில்லை. ஆளை எதிரில் நிறுத்திவிட்டு நேரே ஓவியத் துணியில், அதாவது கேன்வாஸில், இறங்கிவிடுவார். ஆனால் அந்த ஆள் மனிதர்தானே? மூத்திரம் வரும், பசிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தால் அதே இடத்தில் எப்படி நிற்பார்? அதற்கு ஓவியர் ஒரு வழி வைத்திருந்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தூரிகையின் பின்முனை மாதிரி எதையோ வைத்து ஈர அடிப்பூச்சில் கீறியிருக்கிறார். தலை இங்கே, தோள் இங்கே, முட்டி இங்கே. வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்ததும் பெயின்டர் ஒரு பல்பைப் பக்கவாட்டில் பிடித்து மேடு பள்ளம் பார்ப்பாரே, அதே மாதிரி ஓவியத்துக்கும் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் அந்தக் கீறல்கள் தெரிகின்றன. எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒரு கூலியாள் இடுப்பை நிமிர்த்திக்கொள்ள எழுந்து போனதற்கு ஓவியத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது!

இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் ஹவுஸ் ஓனர் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1604இல் கரவாஜியோ ரோமில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். ஓனர் அம்மா பெயர் புருடென்சியா புரூனி. ஒப்பந்தத்தில் ஒரு விநோதமான ஷரத்து: ஒரு கூடத்தின் மேல்தளத்தில் பாதியைத் திறந்துகொள்ளலாம், காலி செய்யும்போது சரிசெய்து தர வேண்டும். எதற்கு? பெரிய துணி நிமிர்ந்து நிற்க உயரம் வேண்டும், மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று சிலர் ஊகிக்கிறார்கள். நம் ஊரில் ஓர் ஆணி அடிக்க ஓனரிடம் மூன்று தடவை கேட்க வேண்டும். போன வீட்டில் நான் ஒரு காலண்டர் மாட்டியதற்கு அட்வான்ஸில் பிடித்தார்கள், அது தனிக் கதை. இவர் கூரையையே கேட்டு வாங்கியிருக்கிறார்.

அப்புறம் என்ன? எல்லா வாடகை வீட்டுக் கதையும் போலத்தான். 1605இல் ஆறு மாத வாடகை பாக்கி. கூரை அப்படியே கிடக்கிறது. அந்த அம்மா வழக்குப் போட்டுச் சாமான்களைப் பிடித்துவைக்கிறார். அதில் என்னென்ன இருந்தன என்று அதிகாரிகள் எடுத்த பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது. ஓவியர் என்ன செய்தார்? ராத்திரி வந்து அந்த அம்மா வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார். உலகமே கொண்டாடுகிற மேதை சார் அவர்! இந்த இடத்தில் நான் ஓனர் அம்மா கட்சி. நீங்கள் எந்தக் கட்சி, கமெண்டில் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் மனசாட்சியோடு சொல்லுங்கள்.

சரி, மாடல்களுக்கு வருவோம். இவர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியும். லேனா. எப்படித் தெரியும்? மறுபடியும் வழக்குதான். அதே 1605இல் ஒரு நோட்டரியைப் பின்னாலிருந்து வெட்டினார் கரவாஜியோ. பியாத்சா நவோனா சதுக்கத்தில் நிற்கிற லேனா என்ற பெண் விஷயமாகத்தான் தன்னைத் தாக்கினார் என்று அந்த நோட்டரி வாக்குமூலம் கொடுத்தார். அதே சமயத்தில் வரைந்த லொரேத்தோ மாதா படத்தில் கதவோரம் நிற்கிற மாதா இவர்தான் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் படத்திலும் உள்ளங்கால்! மாதா முன்னால் மண்டியிட்டிருக்கும் ஏழைப் பயணியின் அழுக்குப் பாதம், பக்கத்தில் கிழிந்த முக்காடு போட்ட கிழவி. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் வீட்டில் இருந்தால் காலைப் பாருங்கள், படம் புரிந்துவிடும். இதைப் பார்த்து ஜனங்கள் போட்ட கூச்சலை, கரவாஜியோவை ஆகவே ஆகாத பாலியோனே என்ற இன்னோர் ஓவியர் கடுப்போடு எழுதி வைத்திருக்கிறார். கூச்சல் கோபத்திலா, 'அட, நம்ம ஆளுங்கப்பா' என்ற சந்தோஷத்திலா? நான் இரண்டாவது என்று வைத்துக்கொள்கிறேன்.

மாதா இறந்து கிடக்கிற இன்னொரு படத்தை, எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ அந்தத் தேவாலயமே வேண்டாம் என்று திருப்பிவிட்டது. வயிறு உப்பியிருக்கிறது, கால் வெறுங்கால், மாடல் 'அப்படிப்பட்ட' பெண் என்று காரணங்கள். அது இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊருக்கும் இந்த மாதிரி ஒரு படைப்பு உண்டு. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பெரியமேட்டுப் பக்கத்தில் இருக்கிற கவின் கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். கல்லூரிக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் வைத்துத்தான் செய்தார் என்று சொல்வார்கள். நான்கு உழைப்பாளிகளுக்கு இரண்டே உடம்பு! கம்பீரமான சிலை, சந்தேகமே இல்லை. அதையும் அண்ணனிடம் காட்டினேன். "இவங்க தொழில் தெரிஞ்சவங்க, கல்லு நவுந்துடும்" என்றார். எனக்கு என்னவோ, தம் கட்டத் தெரியாமல் சொதப்புகிற அந்த ரோம்காரர்கள் மூன்று பேரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

இந்த வீடியோவின் முகப்புப் படத்தில் ஒரு பலகைக்கு அடியில் குனிந்திருப்பவர் நம் அண்ணன்தான். கட்டுமரத்துப் பலகை, நிஜக் கனம். லைட் செட் பண்ணி, போகஸ் சரிபார்த்து, நான் ஒவ்வொரு தடவையும் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணே' என்று சொல்ல, பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. நடுவில் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து நிற்பதற்காகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். குனிவதற்கு முன்னால் கேட்டார்:

"மூஞ்சி வருமா தம்பி?"

"இல்லண்ணே, முதுவும் காலும்தான்."

"அப்ப ஷேவ் பண்ணத் தேவல" என்று குனிந்துகொண்டார்.