ஈசிஜி நார்மல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மனநல ஆலோசகரான என்னிடம் கம்பெனி அதிகாரிகள் யாரும் நேராக வருவதில்லை. இருதய மருத்துவர், வயிற்று மருத்துவர் எல்லாரையும் பார்த்து முடித்துக் கடைசியாகத்தான் வருகிறார்கள். நெஞ்சை அழுத்துகிறது, ஓயாத வாயுத் தொல்லை, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. கையில் ஒரு ஃபைல். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாமே நார்மல். நெஞ்சு வலி என்றால் முதலில் அவற்றைப் பார்ப்பதுதான் சரி. ஆனால் நார்மல் என்று கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. இதயத்தில் அடைப்பு என்றால் ஆபீஸில் சொல்லி லீவு போடலாம். மனசு சரியில்லை என்று எந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' பற்றிய விளக்கம் இருக்கிறது. அது நோய் அல்ல, வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது. தெம்பு வற்றிப்போகும். செய்யும் வேலை எதுவும் உருப்படியாகத் தோன்றாது. இன்னொன்று, வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

அடையாளம் தெரியாதபடி ஒன்று சொல்கிறேன். சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் பெரிய பொறுப்பில் இருப்பவர். வீடு வந்த பிறகும் கீழே பார்க்கிங்கில் காருக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். "மேலே போனா பொண்ணு பேச வருவா சார். அவகிட்ட பேச எனக்கு வார்த்தை மிச்சமில்ல" என்றார். அதைச் சொல்லும்போதுகூட அழவில்லை. டீமில் ஒரு பையன் அப்பா இறந்துவிட்டார் என்று போன் செய்தபோது, தன் மனசில் முதலில் வந்தது டெலிவரி தேதிதான் என்று சொன்னார். அப்போதுதான் உடைந்து அழுதார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அவ்வளவு களைத்துப்போயிருந்தார்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். மருத்துவக் காப்பீட்டிலும் மனநலச் சிகிச்சையை உடல் நோய்க்குச் சமமாகவே நடத்த வேண்டும் என்கிறது அதே சட்டம்.

நேரில் வரத் தயக்கம் என்றால் சரி, போனில் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.