செவ்வாயில் வெள்ளாமை: உப்பை எங்கே கொட்டுவது?

திரையில்: வெள்ளைத் தட்டில் 25 கிராம் யூரியா. பக்கத்தில் 10 கிராம் கல்லுப்பு.

குரல்: ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சிறுநீரில் வெளியே விடற சரக்கு ஏறக்குறைய இவ்வளவுதானுங்க. யூரியா உரத்தில் நைட்ரஜன் 46 சதவீதம். அப்படின்னா இந்த 25 கிராமில் பதினொன்றரை கிராம் நைட்ரஜன் இருக்கு. உப்பு நாம சாப்பாட்டில் போட்டதுதான்; உள்ளே போனதில் பெரும்பங்கு அப்படியே வெளியே வந்துடும். செவ்வாயில் ஒரு ஊர் அமைச்சா, நைட்ரஜன் செடிக்குத் தீனி. உப்பு சேரச் சேரப் பயிர் கருகும், அப்ப இந்த உப்பை என்ன பண்றது? வீடியோ முழுக்க இந்தக் கேள்விதான்.

விண்வெளியில் செடி வருமாங்கறது முடிஞ்சு போன பேச்சு. 2015 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைஞ்ச சிவப்பு லெட்யூஸை அங்கேயே பறிச்சுச் சாப்பிட்டாங்க. 2021இல் மிளகாய் காய்ச்சுது. 2019 ஜனவரியில் சீனாவோட சாங்-இ 4 கலத்துக்குள்ள, நிலாவில் பருத்தி விதை முளைச்சுது. நிலாவோட ராத்திரிக் குளிரில் செத்தும் போச்சு. பருத்தி ஊர்க்காரங்க நாம, விதை நம்முளது இல்லைன்னாலும், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம். 2024 டிசம்பர் 30 அன்னைக்கு பி.எஸ்.எல்.வி. சி60இல் போன இஸ்ரோவோட கிராப்ஸ் பெட்டிக்குள்ள எட்டுத் தட்டப்பயிறு நாலு நாளில் முளை விட்டுது.

முளைக்க வைக்கறது வேற, அதை வெச்சுக் குடும்பம் நடத்தறது வேற.

திரையில்: ஒரு சென்ட் நிலம், மேலிருந்து.

குரல்: ஒரு ஆளோட முழுச் சாப்பாட்டுக்கும் விளக்கு வெளிச்சத்தில் கோதுமை, கிழங்கு, பயறு, கீரைன்னு போட்டா 40-இலிருந்து 50 சதுர மீட்டர் வேணும்னு கணக்குப் போடறாங்க. நம்ம கணக்கில் ஆளுக்கு ஒரு சென்ட், கொஞ்சம் கூட. இடம் பெரிய பிரச்சினை இல்லை, தட்டுத் தட்டா அடுக்கிக்கலாம். கரண்ட்டுதான் கையைக் கடிக்கும். நல்ல எல்.இ.டி. விளக்காவே இருந்தாலும் தானியப் பயிருக்குச் சதுர மீட்டருக்கு 200 வாட் ஆகும். 40 சதுர மீட்டருக்கு 8 கிலோவாட். 16 மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 128 யூனிட், அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு. அந்தக் கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில் சூடாத்தான் மாறும். அதை வெளியேத்தற ஏற்பாடு இல்லைன்னா பயிர் வெந்துடும்.

அடுத்து மூச்சு. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேணும். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுவாரு. சட்டுனு காத்தைச் சுத்தம் பண்ண ஸ்பைருலினாங்கற நீலப்பச்சைப் பாசி நல்ல ஆளு. ஒரு கிராம் உலர்ந்த ஸ்பைருலினா உருவாக ஏறக்குறைய 1.8 கிராம் கார்பன் டை ஆக்சைடு போகும். ஒரு ஆளோட மூச்சைச் சமாளிக்க நாளைக்கு 550 கிராம் விளையணும். திறந்த தொட்டியில் சதுர மீட்டருக்கு 10 கிராம் எடுத்தாலே நல்ல மகசூல், அப்ப 55 சதுர மீட்டர் தொட்டி வேணும். மூடின கண்ணாடிக் குழாயில் லிட்டருக்கு ஒரு கிராம்னு எடுத்தா 550 லிட்டர் போதும்.

சிக்கல் என்னன்னா, மூச்சுக்கு 550 கிராம் வேணும், வயித்துக்கு 40 கிராமுக்கு மேல ஆகாது. ஸ்பைருலினாவில் நியூக்ளிக் அமிலம் 4-இலிருந்து 6 சதவீதம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல நியூக்ளிக் அமிலம் உள்ளே போனா யூரிக் அமிலம் ஏறும். மூட்டுவலி, சிறுநீரகக் கல்லுன்னு ஆரம்பிக்கும். அதனால மூச்சில் பெரும்பங்கைப் பயிர்தான் பாத்துக்கணும். ஸ்பைருலினா துணைக்குத்தான்.

ஸ்பைருலினா வளர்க்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. லிட்டருக்கு 16.8 கிராம் சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்), 2.5 கிராம் சோடியம் நைட்ரேட், 1 கிராம் சாப்பாட்டு உப்பு போடறது பழைய ஆய்வகக் கலவை. பாஸ்பேட், பொட்டாஷ், மெக்னீசியம், இரும்பு தனி. பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, 9.5-இலிருந்து 10.5 வரை நிக்கணும். 9-க்குக் கீழ இறங்கினா வேற பச்சைப் பாசி புகுந்துடும். 30-இலிருந்து 35 டிகிரி பிடிக்கும். மார்கழிக் குளிரில் கோயமுத்தூர் மொட்டை மாடித் தொட்டி படுத்துக்கும். மஞ்சளடிச்சா நைட்ரஜன் பத்தலை. நுரை கட்டி நாத்தம் வந்தா உயிரணு உடையுதுன்னு அர்த்தம்.

இப்ப அந்த யூரியாவுக்கு வருவோம். செடிக்குப் பிடிச்சது நைட்ரேட். யூரியா முதல்ல அமோனியாவா உடையும். நைட்ரோசோமோனாஸ்ங்கற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், நைட்ரோபாக்டர்ங்கற இன்னொரு பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட மெலிஸ்ஸா திட்டம் 1989-இலிருந்து இதைத்தான் அறை அறையாப் பிரிச்சுச் செய்யுது: ஒரு அறையில் கழிவை மக்க வைக்கற பாக்டீரியா, ஒரு அறையில் நைட்ரேட் ஆக்கற கூட்டம், ஒரு அறையில் ஸ்பைருலினா, ஒரு அறையில் பயிர். மாதிரி ஆலை பார்சிலோனாவில் இருக்கு.

இந்த பாக்டீரியாவும் மூச்சு விடும்ங்க. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன். பதினொன்றரை கிராமுக்கு 52 கிராமுக்கு மேல, அதாவது ஒரு ஆள் சுவாசிக்கறதில் ஆறு சதவீதம். இதைக் கணக்கில் விட்டா பின்னாடி உதைக்கும். 1991இல் அரிசோனாவில் எட்டுப் பேரை உள்ளே வெச்சு மூடின பயோஸ்பியர் 2-வில் மண் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்னு தீர்த்துச்சு. அதுங்க விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிடுச்சு. செடிக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஆக்சிஜன் 20.9 சதவீதத்தில் இருந்து 14.2-க்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாப் போச்சு.

இன்னொரு பொறி இருக்கு. நைட்ரேட் உருவாகும்போது தண்ணி புளிக்கும். பி.எச். 6.5-க்குக் கீழ போனா வேலை மந்தமாகும். எல்லாரோட கையும் சோடா உப்பு டப்பாவுக்குத்தான் போகும். ஒரு ஆளோட ஒரு நாள் புளிப்பைச் சரிக்கட்ட 69 கிராம் சோடா உப்பு வேணும். அதில் சோடியம் 19 கிராம். தட்டில் பாத்த 10 கிராம் சாப்பாட்டு உப்பில் இருக்கற சோடியமே 4 கிராம்தான்! ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை அஞ்சு மடங்கு பெருசாக்கறோம். சோடா வேண்டாம். 41 கிராம் சுண்ணாம்புக் கல் பொடி அதே வேலையைச் செய்யும். கரையற கால்சியத்தைச் செடி எடுத்துக்கும்.

திரையில்: நொய்யல் ஆறு, திருப்பூர். பிறகு ஒரத்துப்பாளையம் அணை.

குரல்: உப்புச் சேர்ந்தா என்ன ஆகும்னு கொங்கு நாட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனியனில் சாயம் ஏறணும்னா சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்போ சோடியம் சல்ஃபேட்டோ போடணும். துணியில் அது தங்காது. மொத்தமும் தண்ணியோட வெளியே வரும். 1992இல் பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமா ஆச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. இன்னைக்கு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது: ஆர்.ஓ.வில் நல்ல தண்ணியைப் பிரிச்சு, மிஞ்சற கரைசலை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கறாங்க. செலவு அதிகம், ஆனா தண்ணியும் உப்பும் ரெண்டும் சுத்தி வருது. விண்வெளிக் குடியிருப்பும் இப்படி ஒரு சாயப்பட்டறைதான், கொட்டறதுக்கு நொய்யல் மட்டும் கிடையாது.

விண்வெளி நிலையமும் இதே பாடத்தைப் படிச்சுது. சிறுநீரைக் காய்ச்சி வடிக்கற கருவி ஆரம்பத்தில் கால்சியம் சல்ஃபேட் படிஞ்சு அடைச்சுக்கிச்சு. எடை தெரியாத இடத்தில் எலும்பு கரைஞ்சு கால்சியம் சிறுநீரில் கூடுதலா வரும். சல்ஃபேட் வந்தது பதப்படுத்தப் போட்ட சல்ஃப்யூரிக் அமிலத்தில் இருந்து. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாத்தினதும் அடைப்புக் குறைஞ்சுது. மிச்சக் கரைசலையும் காய வைக்கற கருவி சேர்ந்த பிறகு 2023இல் 98 சதவீதம் தண்ணி திரும்பக் கிடைச்சுது. ஆனா அந்த உப்பு இன்னும் பயிருக்கோ சமையலுக்கோ திரும்பறதில்லை. குப்பையாத்தான் போகுது.

செவ்வாய் மண்ணில் நட்டாலும் உப்பு விடாது. அந்த மண்ணில் அரை சதவீதம் அளவுக்குப் பெர்குளோரேட்ங்கற குளோரின் கலந்த உப்பு இருக்கறதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுச்சு. தைராய்டுக்கு ஆகாதது. கழுவினாப் போகும், கழுவின தண்ணி உப்புத்தண்ணி ஆகும். டெக்ளோரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா அதை உடைச்சுடும். உடைச்ச பிறகு மிஞ்சறது குளோரைடு. மறுபடி உப்பு!

இதுக்கு ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் ஆய்வாளர்கள் எடுத்த வழி எங்களுக்குப் பிடிச்சது: உப்பைத் தின்னற செடியை வளர்த்து, அந்தச் செடியையே சாப்பிடறது. அவங்க பாத்தது சாலிகார்னியா. நம்ம கடலோரத்து உமரிக்கீரையும் அந்தக் குணம்தான். கீரையிலேயே உப்பு இருந்தா பொரியலுக்குத் தனியா உப்பு எதுக்கு?

திரையில்: நீல ட்ரம், வாளி, காத்து மோட்டார்.

குரல்: இதைக் கல்லூரி ஆய்வகத்தில் பத்தில் ஒரு ஆள் அளவுக்குச் செஞ்சு பாக்கலாம். நிஜச் சிறுநீர் வேண்டாம். கிருமி, மருந்து மிச்சம் எல்லாம் வரும். 50 லிட்டர் தண்ணி, சிறுவாணியோ ஆர்.ஓ.வோ இருக்கட்டும். போர் தண்ணியில் ஆரம்பிச்சா முதல் நாளே உப்பு இருக்கும், அளவு தெரியாது. 20 லிட்டர் வாளியில் செங்கல் ஜல்லி நிரப்பி, மீன் தொட்டி மோட்டாரால தண்ணியைச் சுத்த விடுங்க, காத்துக் கல்லும் போடுங்க. ஓடிட்டிருக்கற மீன் தொட்டி வடிகட்டியில் பிழிஞ்ச அழுக்குத் தண்ணி ஒரு லிட்டர் ஊத்தினா பாக்டீரியா வந்து சேரும். சுண்ணாம்புக் கல் அரை கிலோவை வலைப்பையில் தொங்க விடுங்க.

முதல் வாரம் நாளைக்கு 0.2 கிராம் யூரியா மட்டும். அவசரப்பட்டு முழு அளவையும் போட்டா அமோனியா ஏறி நைட்ரோபாக்டரை முடக்கும். நைட்ரைட் அப்படியே தேங்கி நிக்கும். மீன் கடைச் சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டற வரைக்கும் அளவை ஏத்த வேண்டாம். நாலஞ்சு வாரம் ஆகும். பிறகுதான் நாளைக்கு 2.5 கிராம் யூரியா, ஒரு கிராம் உப்பு. பொட்டாசியம் சல்ஃபேட், மோனோ அமோனியம் பாஸ்பேட், எப்சம் உப்பு தனியாச் சேர்க்கணும். சுண்ணாம்பு இருக்கறதால பி.எச். ஏழை ஒட்டி நிக்கும். அங்கே சாதாரண இரும்பு உரம் வேலை செய்யாது, இளந்தழை வெளுக்கும். ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு வாங்குங்க.

நடவுக்குப் பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு, ஆனா நல்லாக் கழுவினது. கழுவாத கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே இருக்கும், சோதனையே கெட்டுடும். பாதி இடத்தில் லெட்யூஸ், பாதியில் பாலக். தண்ணி குறையறதை ஆர்.ஓ. தண்ணியால மட்டும் நிரப்புங்க.

நாளைக்கு ஒரு கிராம்னா 30 நாளில் லிட்டருக்கு 0.6 கிராம் உப்பு, தண்ணியில் உப்பு எவ்வளவுன்னு மின்கடத்தலை வெச்சுக் காட்டற ஈ.சி. மீட்டரில் உப்பால மட்டுமே ஒண்ணே கால் புள்ளி (mS/cm) ஏறும். 60 நாளில் ரெண்டரை. லெட்யூஸ் இலை ஓரம் முதல்ல பழுப்பாக் கருகும், தலை சின்னதாகும். பாலக் பீட்ரூட் இனம். பொட்டாசியத்துக்குப் பதிலாச் சோடியத்தை ஓரளவு ஏத்துக்கும், அதனால தாக்குப் பிடிக்கும்.

உப்புப் போட ஆரம்பிச்ச 60ஆம் நாள் தொட்டித் தண்ணியில் சரியா ஒரு லிட்டர் எடுத்து எவர்சில்வர் தட்டில் வெயிலில் காய வைங்க. மிஞ்சறதில் உரமும் இருக்கும், அதனால எடையை மட்டும் நம்ப வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்தில் சோடியம் பாக்கச் சொல்லுங்க. லிட்டர் கணக்கை 50-ஆல பெருக்கி, போட்ட 60 கிராம் உப்பில் இருக்கற 23.6 கிராம் சோடியத்தோட ஒப்பிடுங்க. துண்டு விழறது பாலக் இலையில் ஏறியிருக்கும், இல்லைன்னா ஜல்லியிலயும் தொட்டி விளிம்பிலயும் வெள்ளையாப் படிஞ்சிருக்கும். இலையை வெயிலில் உலர்த்தி அதையும் சோதனைக்குக் கொடுத்துடுங்க.