முகா ஹெட் விளக்கும் அதைக் காத்தவர்களும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கு என்றதும் கொம்தார் கோபுரம், பாலம், தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று பேச ஆரம்பித்துவிடுவோம். நான் இன்று பேச வந்தது தீவின் வடமேற்கு மூலையில், காட்டுக்கு நடுவே குன்றின் உச்சியில் நிற்கும் முகா ஹெட் கலங்கரை விளக்கத்தைப் பற்றி.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் மலாக்கா நீரிணையில் நீராவிக் கப்பல்கள் பெருகின. ஈயம் ஏற்றப் பினாங்குக்கு வந்த கப்பல்களும் கூடின. பாறையும் மணல்திட்டும் இரவில் கண்ணுக்குத் தெரியுமா? அதனால் அடுத்தடுத்து விளக்குகள் எழுந்தன. 1882இல் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஒன்று. பாய்மரம் போல இரும்பில் நிற்கிறதே, அதுதான். 1883இல் முகா ஹெட். 1885இல் பினாங்கு நீரிணையின் தெற்கு வாசலுக்கு ரிமாவ் தீவில் ஒன்று.

முகா ஹெட் கோபுரம் உயரமில்லை, ஏறக்குறைய 14 மீட்டர்தான். ஆனால் அது நிற்கும் குன்று கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேல். அதனால்தான் அதன் ஒளி அவ்வளவு தூரம் எட்டியது.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறி, வங்கக் கடலைத் தாண்டி நம் தாத்தா பாட்டிமார் இந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் மேல்தளப் பயணிகளாக வந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. இரவில் பினாங்கை நெருங்கியவர்களுக்கு, ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமுக்கும் தோட்டத்து லய வீடுகளுக்கும் முன்னால், இந்த மண்ணின் முதல் அடையாளம் அந்த வெளிச்சம்தான்.

அப்புறம், அதை ஏற்றியவர்கள். அந்தக் காலத்து எண்ணெய் விளக்கு விசையைத் தட்டினால் எரிவதில்லை. திரியை அளவாக நறுக்க வேண்டும். கொஞ்சம் நீண்டுவிட்டால் புகை கிளம்பும், கண்ணாடியில் கரி படியும், கடலில் இருப்பவனுக்கு ஒளி மங்கிவிடும். அதனால் நடுராத்திரியிலும் எழுந்து பார்க்க வேண்டும். சுழலும் விளக்காக இருந்தால், பெரிய கடிகாரம் போல எடைக்கல் தொங்கும். அது மெல்ல மெல்ல இறங்க, விளக்கு சுழலும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் சுற்றி அதை மேலே ஏற்ற வேண்டும். தூங்கிவிட்டால் விளக்கு நின்றுவிடும். பொழுது விடிந்ததும் கண்ணாடி வில்லைகளை மெல்லிய துணியால் துடைத்து, பித்தளையைத் தேய்த்து, மாலைக்குத் தயாராக்க வேண்டும். மழையென்றும் காய்ச்சலென்றும் விடுப்புச் சொல்ல முடியாது.

உயிர்காப்புப் படகில் போகிறவரைக் காப்பாற்றப்பட்டவர் கையெடுத்துக் கும்பிடுவார். விளக்குக்காரருக்கு அதுவும் இல்லை. கப்பல் பாறையில் மோதாமல் போய்விடும், அதில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது. என்னைக் கேட்டால், துறைமுக வரலாற்றில் மிகக் குறைவாக எழுதப்பட்டவர்கள் இவர்கள்தான். ஆளுநர்களுக்குத் தெருப்பெயர் உண்டு, இவர்களுக்கு என்ன இருக்கிறது?

தெலுக் பஹாங்கிலிருந்து தேசியப் பூங்கா வழியாக நடந்தோ, படகில் தெலுக் டுயோங் கடற்கரை வரை போயோ குன்றின் அடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து நல்ல ஏற்றம், தண்ணீர் கொண்டுபோங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கலங்கரை விளக்கத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்திருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், கூட யார் இருந்தார்கள், சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுச் சாமான் எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கம் பெயரைக் குறித்து வையுங்கள். நன்றி, வணக்கம்.